கிராம்பக்கா திரும்ப வாங்கிய பாட்டில்கள்

பேருந்தில் கிராம்பக்கா கால் வைத்ததுமே நடத்துநர் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசனையை வைத்தே, "கிராம்பு ஏறியாச்சு, போலாம்" என்பார். பின்வாசல் வழியாக ஏறினாலும் அதே கதைதான். அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. "ஒருநாளாவது டிக்கெட் எடுக்காம ஏமாத்தலாம்னா முடியுதா?" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

எட்டு வருடம் நாங்கள் ஒரே கூடத்தில் வேலை பார்த்தோம். வாசனை எண்ணெய்களைப் பெரிய பீப்பாய்களில் வாங்கி, வடிகட்டி, சின்னப் பாட்டில்களில் அடைத்து அனுப்பும் இடம் அது. பலவித எண்ணெய்கள் வந்தாலும் பாதிக்குமேல் கிராம்பு எண்ணெய்தான். இலையிலிருந்து எடுத்தது ஒரு வகை. சோப்புக்கும் தரை துடைக்கும் திரவத்துக்கும் போகும். மொட்டிலிருந்து எடுத்தது இன்னொரு வகை. பல்பொடிக்கும், தலைவலித் தைலத்துக்கும், வாசனைத் திரவியம் செய்கிறவர்களுக்கும் போகும். மருந்துக் கடைகளுக்கென்று பத்து மில்லி பழுப்புப் பாட்டிலில் அடைப்பதும் மொட்டு எண்ணெய்தான். அந்தப் பாட்டிலை நிரப்புவது கிராம்பக்காவின் வேலை. நிரப்பியதில் சீட்டு ஒட்டுவது என் வேலை. எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இடைவெளி.

பாட்டிலின் தோள் வரைக்கும் எண்ணெய் வர வேண்டும். கழுத்துக்கு ஏறக் கூடாது. இயந்திரத்தின் குழாய் அவ்வப்போது கூடக் குறைய ஊற்றும். அக்கா பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இதுல அரை மில்லி கம்மி" என்று தள்ளி வைப்பார். சந்தேகப்பட்டு அளந்து பார்த்தவர்கள் அசடு வழிந்ததுதான் மிச்சம். மேசையில் சிந்திய எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, கறையின் அகலத்தைப் பார்த்தே எவ்வளவு வீணாயிற்று என்று சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடம் அதே வேலை. விரல் நுனிகளில் மஞ்சள் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் தங்கிவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். பேச்சு குறைவு, பேசினால் கிண்டல். "இவளைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்குப் பல்வலியே வந்ததில்ல. பல்லுக்கே பயம்" என்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்காவைவிடப் பதினோரு வயது இளையவளான தங்கை இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அந்தத் தங்கையைத் தூக்கி வளர்த்ததும், படிக்க வைத்ததும், கல்யாணம் பண்ணிக் கொடுத்ததும் அக்காதான். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டு, "இன்னைக்கு எந்தப் பாட்டில்லயாவது அளவு தப்பியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றார்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வடிகட்டியின் அடியில் கடைசியாகத் தேங்கும் எண்ணெயை விற்க மாட்டார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கீறல் விழுந்த, சீட்டு ஒட்டாத பாட்டில்களில் அடைத்து, சாதாரணத் திருகு மூடி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவோம். அக்கா தனக்கென்று வைத்துக்கொண்டது குறைவு. பல்வலி என்று யார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு வலிக்கிற இடத்தில் வைத்து, மீதியைப் பாட்டிலோடு கொடுத்து அனுப்பிவிடுவார். சர்க்கரை அலமாரியில் எறும்பு வராமல் இருக்க ஒருவர், துணிப் பெட்டியில் பூச்சி அண்டாமல் இருக்க ஒருவர், சவரம் செய்த பிறகு தடவும் தண்ணீரில் கலக்க ஒருவர் என்று அந்த வட்டாரம் முழுக்க அக்காவின் பாட்டில்கள் போய்ச் சேர்ந்திருந்தன. "இயற்கையான பொருள், ஒண்ணும் பண்ணாது" என்று அவரே சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது இருக்கும்போது தங்கைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அக்கா ஒரு பாட்டில் கொடுத்தார்.

அன்று மதியம் நல்ல மழை. உணவு இடைவேளை முடிந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து, "உங்களுக்குப் போன். உங்க தங்கச்சி" என்றார். அக்கா அலுவலக அறைக்குப் போனார். திரும்பி வரவில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அப்படியே மழையில் ஓடுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். தங்கை பல்லில் எண்ணெய் வைத்துக்கொண்டு பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறாள். மழை சடசடவென்று பிடித்ததும் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வெளியே ஓடியிருக்கிறாள். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். குழந்தைக்குத் தினமும் கொடுக்கும் சத்துச் சொட்டு மருந்தும் அதே மாதிரிப் பழுப்புப் பாட்டிலில்தான் வரும், இனிப்பாக இருக்கும். குழந்தை நாற்காலியில் ஏறி எடுத்து, வாயில் கவிழ்த்துக்கொண்டது. தங்கை துணிகளோடு உள்ளே வந்தபோது அது அழவில்லை. மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் குழந்தையின் மேலிருந்தும் அதே வாசனை, ஓடி வந்த அக்காவின் மேலிருந்தும் அதே வாசனை. அங்கிருந்த பெண் மருத்துவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"நீங்கதான் இந்த எண்ணெயைக் குடுத்தவங்களா?"

"ஆமாங்க."

"வாந்தி எடுக்க வெச்சீங்களா?"

"இல்ல" என்றாள் தங்கை.

"நல்லது. வாந்தி எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும். எவ்வளவு குடிச்சிருக்கும்? ஒரு சொட்டா, ஒரு ஸ்பூனா? அதைப் பொறுத்துதான் நான் அடுத்ததை முடிவு பண்ணணும்."

தங்கை தெரியாது என்று தலையை ஆட்டினாள். அக்கா, "பாட்டில் எங்க?" என்று கேட்டார். தங்கையின் கைக்குள்ளேயே இருந்தது. வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கழற்றிப் போட்டிருந்த குழந்தையின் கவுனை எடுத்து மடியில் விரித்து, எண்ணெய்க் கறையை விரலால் சுற்றி அளந்தார்.

"தோள் வரைக்கும் நெறச்சிருந்தேன். பத்து மில்லி. பல்லுக்கு எத்தனை தடவை வெச்ச?"

"நாலு... அஞ்சு தடவை."

"அது அரை மில்லிகூட வராது. பாட்டில்ல ரெண்டு மில்லி மிச்சம் இருக்கு. துணியில சிந்தினது ரெண்டரை." கவுனை மடித்து வைத்தார். "அஞ்சு மில்லி உள்ள போயிருக்குங்க."

"உறுதியா சொல்றீங்களா?"

"என் கையால நெறச்சதுங்க. தப்பாது."

மருத்துவர் எழுதிக்கொண்டு உள்ளே விரைந்தார். இந்த எண்ணெய் அந்த வயதுக் குழந்தையின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடம் கையில் புழங்கிய பொருள். யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

குழந்தைக்கு வலிப்பு வந்தது. அன்று மாலைக்குள் நினைவு தப்பியது. கல்லீரலைக் காப்பாற்றும் மருந்தைக் கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் ரொம்ப மோசம். "எதுவும் சொல்றதுக்கில்ல" என்று மருத்துவர் சொன்னதாகத் தங்கையின் வீட்டுக்காரர் வெளியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா நடைபாதையில் சுவரோரம் நின்றபடியே இருந்தார். உட்காரச் சொன்னால், "வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

ஐந்தாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்லீரல் தேறிவிட்டது, ஆனாலும் சில வருடம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

குழந்தையைத் தூக்க அக்கா கையை நீட்டினார். குழந்தை அவர் பக்கம் வந்ததும் முகத்தைச் சுளித்து வீறிட்டு அழுதது. தங்கை குழந்தையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, நீ வராத."

"குளிச்சிட்டு வரேன்டி. வேற துணி மாத்திட்டு..."

"குளிச்சா போயிடுமா அது? உன்மேல அந்த வாசனை வருதுக்கா. எனக்கு அன்னைக்கு மதியம் ஞாபகம் வருது. நீ வீட்டுக்கு வராத."

அக்கா வீட்டுக்குப் போய்க் கைகளைச் சாம்பல், எலுமிச்சை, சோடா உப்பு என்று என்னென்னவோ போட்டுத் தேய்த்திருக்கிறார். மறுநாள் கூடத்துக்கு வந்தபோது விரல்கள் தோலுரிந்து சிவந்திருந்தன. ஆனால் வாசனை போகவில்லை. அது தோலில் மட்டும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தலைமுடி, பை, செருப்பு, குடை எல்லாவற்றிலும் ஊறிப்போன வாசனை.

வேறு ஒருவராக இருந்தால் அன்றே வேலையை விட்டிருப்பார். அக்கா விடவில்லை. அவர் அடுத்துச் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

தினமும் வேலை முடிந்ததும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, தான் பாட்டில் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நடந்தார். எந்தெந்த வீடு என்று எழுதி வைத்ததில்லை. எல்லாம் நினைவில் இருந்தது. நாற்பத்து மூன்று பாட்டில்கள். முதல் இரண்டு நாள் நானும் கூடப் போனேன்.

சிலர் விஷயம் கேள்விப்பட்டு உடனே எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் சமாதானம் சொன்னார்கள். பணி ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் வாசலை மறித்துக்கொண்டு வாதாடினார்.

"ஏம்மா, சமையல்ல போடற சாமான்தானே கிராம்பு? இயற்கைதானே? உங்க வீட்டுக் குழந்தைக்கு ஏதோ நேரம் சரியில்ல. அதுக்கு என் பாட்டிலை எதுக்குக் கேக்கறீங்க?"

"இயற்கைன்னு சொல்லித்தான் ஐயா நானும் குடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் தம்ளர் இருக்கா? கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்குமே, அது."

எடுத்து வந்தார். அக்கா அவருடைய பாட்டிலிலிருந்தே அதில் கொஞ்சம் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே தம்ளரின் அடிப்பக்கம் வெளுத்தது. பிறகு விரல் பட்டால் அமுங்கும் அளவுக்கு இளகியது. இதனால்தான் நாங்கள் கண்ணாடியைத் தவிர வேறெதிலும் அடைப்பதில்லை. எங்களுக்கு அது தினமும் பார்க்கிற சங்கதி. தபால்காரர் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு பஞ்சுல வெச்சா மருந்து. இதே அஞ்சு மில்லி அந்தச் சின்ன வயித்துக்குள்ள போச்சு. உங்க பேத்தி வந்து போற வீடு இது" என்றார் அக்கா.

தபால்காரர் பாட்டிலை அக்காவின் பையில் போட்டுவிட்டு, தம்ளரையும் சேர்த்துப் போட்டார்.

இன்னொரு வீட்டில் கதவைத் திறந்தது ஒரு இளம் தாய். அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது. அவசரமாக உள்ளே போனாள். வாசலில் இருந்தே எங்களுக்குத் தெரிந்தது: தொட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில், பால் புட்டிக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் பாட்டில் இருந்தது. கொசு வராமல் இருக்க வைத்தாளாம். தெருமுனைக்கு வந்ததும் அக்கா ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தோளைத் தொட்டேன். "தொட்டிலுக்குப் பக்கத்துலயே இருந்துச்சே, பார்த்தியா" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தொன்பது பாட்டில்கள் திரும்பி வந்தன. மூன்று வீட்டில் தீர்ந்து தூக்கிப் போட்டுவிட்டார்கள். மீதி ஒன்று என்னுடையது. என் வீட்டு அலமாரியில் இருந்தது. அவர் கேட்கும்வரை நானாகக் கொடுக்கத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் மேலாளரிடம் போனார். தேங்கும் எண்ணெயை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடைக்குப் போகும் பாட்டிலுக்கு அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடி போட வேண்டும். கழுத்தில் சொட்டுச் சொட்டாக மட்டும் விழும் அடைப்பான் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு எட்டக் கூடாது என்று சீட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டும். இவ்வளவுதான் கேட்டார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். "அந்தப் பாட்டில்ல நம்ம பேரே இல்லையேம்மா. நாமளே போய் எதுக்கு இழுத்து விட்டுக்கணும்?"

"பேரு இல்லாததுதாங்க தப்பு. என்ன மருந்து, எவ்வளவுன்னு ஒரு எழுத்து அதுல இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததால அளவைச் சொன்னேன். நான் ஊர்ல இல்லாம இருந்திருந்தா?"

தேங்கும் எண்ணெய் கொடுப்பது மறுவாரமே நின்றது. மூடி மாற்றத்தான் பதினான்கு மாதம் ஆயிற்று. இயந்திரத்துக்கு ஒத்துவராது, கடைக்காரர்கள் கேட்கவில்லை, பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு மாத முதல் வேலை நாளும் அக்கா மேலாளர் அறை வாசலில் நிற்பார். கூடத்தில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். "தானும் படுக்கமாட்டா, தள்ளியும் படுக்கமாட்டா" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இலவசமாகக் கிடைத்ததைக் கெடுத்துவிட்டாள் என்ற கோபம். கொஞ்ச நாள் எனக்கும் அது இருந்தது.

கடைசியில் புது மூடி வந்தது. இயந்திரம் அதை ஏற்காததால் முதல் நான்கு மாதம் கையாலேயே அழுத்தி மூடினோம். அக்காவின் உள்ளங்கை காய்த்துப்போனது. தபால்காரர் மருந்துக் கடையில் ஒன்று வாங்கிவிட்டு வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கக்காகிட்ட சொல்லு. குழந்தைக்கு மட்டும் இல்ல, எனக்கும் திறக்க வரல. பல்வலியோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்." அதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

இயந்திரமும் சரியானதும் அக்கா தன்னை அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் பாட்டில் நிரப்பிய கை, தட்டை அட்டைகளை மடித்துக் குவிக்கப் போய்விட்டது. "அந்த மூடி வர்ற வரைக்கும்தான் நான் இங்க இருக்கணும்னு நெனச்சேன்" என்றார்.

இத்தனை காலமும் தங்கை வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் வந்தார். முதல் முறை போனபோது யாரையும் ஒன்றும் கேட்காமல், பையிலிருந்து சாமான்களை எடுத்து, அந்த வீட்டில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருந்த எல்லா அலமாரிக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். தங்கையும் தடுக்கவில்லை. குழந்தை வளர்ந்து பேசத் தொடங்கியதும் அவரைப் 'பூட்டுப் பெரியப்பா' என்று கூப்பிட்டது. வீட்டுக்கு வந்து, அது என்ன பேசியது, எத்தனை பல் தெரிந்தது என்று அவர் சொல்வார். அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்பார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார்.

குழந்தைக்கு நாலரை வயதானபோது ஒரு ஞாயிறு காலை, அக்கா வாசலில் கோதுமை உலர்த்திக்கொண்டிருந்தார். தங்கை குழந்தையோடு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

"உள்ள வரலாமாக்கா?"

"என்னடி கேள்வி இது? வா."

குழந்தை பெரியப்பாவின் சாவிக் கொத்தைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியது. அக்கா காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தார். தங்கை சமையலறை வாசலிலேயே நின்றாள். உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன். அன்னைக்கு மூடியை நான் மூடலக்கா. சும்மா மேல வெச்சிட்டு ஓடினேன். யாருகிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூட சொல்லல. எல்லாரும் உன்னைச் சொன்னப்போ வாயை மூடிட்டு இருந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தா சொல்லிடுவேனோன்னு பயந்துதான் வராதன்னு சொன்னேன்."

அக்கா அடுப்பை அணைத்தார்.

"நீ மூடியிருந்தாலும் அது ஒரு சுத்துல திறந்துக்கும். தினம் ஆயிரம் மூடி போட்டவ நான், எனக்குத் தெரியாதா? குழந்தை இருக்கற வீட்டுல அதைக் கொண்டுவந்து குடுத்தவ நான்."

"அப்போ யாரு மேலக்கா தப்பு?"

"ரெண்டு பேர் மேலயும்தான். போதும்டி. மூணு வருஷமாச்சு. உட்காரு."

தங்கை தரையில் உட்கார்ந்து அக்காவின் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். குழந்தை ஓடி வந்து பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வயிறு வலிக்குதா?" என்று பெரியப்பாவைக் கேட்டதாம். இதை அக்காதான் என்னிடம் சொன்னார். மறுநாள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகச் சொன்னார்.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனைக்குக் குழந்தையை அழைத்துப் போகும்போது அக்காவும் கூடப் போனார். ரத்தம் எடுக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வது பெரியம்மாவின் பொறுப்பு. முடிவு வரும்வரை அக்காவும் தங்கையும் மருத்துவரின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் தங்கையின் பெண்ணுக்குப் பத்து வயது முடிந்தது. இம்முறை வேறு மருத்துவர், இளைஞர். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. இனிமே வர வேண்டியதில்ல" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மூவரும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று பள்ளியில் ஓட்டப் பந்தயம், நேரமாகிவிட்டதென்று குதித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் வாசலில் இருந்த மர இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எழுந்திரிங்க, பஸ் வருது" என்றாள் பெண்.

"நீ ஓடிப் போய் நிறுத்து. பின்னாலயே வரோம்" என்றார் அக்கா.

அவள் ஓடினாள். இருவரும் அவள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பேருந்து போய்விட்டது. மூவரும் அடுத்ததில்தான் போனார்கள்.